மைக் வாங்கும் முன் அறையைக் கேளுங்கள்: வீட்டில் பாடிப் பதிவுசெய்யப் புதிதாக இறங்குவோருக்கு

தைப்பூசத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே எனக்கு அழைப்பு வர ஆரம்பிக்கும். "அண்ணே, இந்த வருசம் ஒரு முருகன் பாட்டு வீட்டுலயே பாடிப் பதிவு பண்ணலாம்னு இருக்கோம். எந்த மைக் வாங்கலாம்?" கேட்பது செந்தூலில் உறுமி மேளக் குழுவில் பாடும் தம்பியாக இருக்கும், பட்டர்வொர்த்தில் ராப் எழுதும் தங்கச்சியாக இருக்கும், தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லிப் பதிவேற்ற நினைக்கும் ஆசிரியையாகவும் இருக்கும். எல்லாரிடமும் நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். "எந்த அறையில பாடப் போறீங்க?"

நான் முதலில் வாங்கியது பெரிய கண்டென்சர் மைக், மெல்லிய ஓசையையும் விடாமல் பிடிக்கும் வகை. ஓவர்டைம் பணத்தைச் சேர்த்து வாங்கினேன். கோலாலம்பூர் செந்தூலில் ஒன்பதாவது மாடி வீடு. தரையெல்லாம் டைல்ஸ், அறையில் ஒரு கட்டில், ஓர் இரும்பு அலமாரி, தலைக்கு மேலே காற்றாடி. பாடி முடித்து ஹெட்போனில் போட்டுக் கேட்டேன். என் குரல் இருந்தது. கூடவே காற்றாடியின் டக் டக், கீழ்வீட்டுக் குக்கர் விசில், எங்கோ கத்திய குயில் எல்லாம் துல்லியமாக இருந்தன. குரலோ குளியலறையில் நின்று பாடியது போல ஒலித்தது. மைக்கில் ஒரு குறையும் இல்லை. அறையில் இருந்ததை அப்படியே பிடித்துக் கொடுத்திருந்தது. ஆறு மாதத்தில் அதை விற்றேன்; பாதி விலைகூடத் தேறவில்லை. உங்களுக்கு அந்தப் பணம் மிஞ்ச வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் படி: அறையைக் கேட்பது

இதற்கு ஒரு வெள்ளியும் (ரிங்கிட்) செலவில்லை. நீங்கள் வழக்கமாகப் பாட உட்காரும் நேரத்தில், அதே அறையில், கைப்பேசியை மேசைமேல் வைத்து ஐந்து நிமிடம் சும்மா பதிவுசெய்யுங்கள். பேசாதீர்கள், அசையாதீர்கள். பிறகு ஹெட்போன் மாட்டி, ஒலியைக் கூட்டி வைத்துக் கேளுங்கள். நாம் தினம் கேட்டுக் கேட்டு மறந்துபோன சத்தம் எல்லாம் வரிசையாக வரும். பிரிக்பீல்ட்ஸ் பக்கம் என்றால் ரயிலும் மோனோரயிலும். பாயான் லெப்பாஸ் பக்கம் என்றால் விமானம். எந்தத் தாமானில் (குடியிருப்பில்) இருந்தாலும் மோட்டார் சைக்கிள், பள்ளிவாசல் பாங்கு, கோயில் மணி, பக்கத்து வீட்டு ஏர்கோன் இயந்திரம், சுவரில் பல்லி. இவற்றில் எது ஓயாமல் ஓடுகிறது, எது வந்து போகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். வந்து போகும் சத்தத்துக்குக் காத்திருந்து மறுபடி பாடலாம். ஓயாத சத்தம்தான் நீங்கள் எந்த மைக் வாங்க வேண்டும் என்பதை முடிவு செய்யும்.

அடுத்து, அறையின் நடுவில் நின்று ஓங்கி ஒரு தடவை கை தட்டுங்கள். சத்தம் "டப்" என்று அங்கேயே அடங்கினால் நல்லது. "ட்ரீங்ங்" என்று தகரம் அதிர்வது போல ஒரு வால் நீண்டால், எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி பந்தாடுகிறது என்று பொருள். நம் ஊர் வீடுகளில் இது சர்வ சாதாரணம். வெக்கைக்காகத் தரைக்கு டைல்ஸும் மொசைக்கும் போடுகிறோம், சுவர் வெறும் சிமெண்ட். காலுக்குக் குளிர்ச்சி, மைக்குக்குக் கஷ்டம்.

பினாங்கு ஜார்ஜ்டவுன் பழைய கடைவீடுகளில் இருப்பவர்களுக்குச் சிக்கல் வேறு மாதிரி. அங்கே மாடித் தரை பலகை. யாராவது நடந்தால் அந்த அதிர்வு ஸ்டாண்ட் வழியாக ஏறி மைக்குக்குள் "தும் தும்" என்று விழும். எதிரொலிக்குப் பயப்படும் முன் அந்த நடையைக் கவனியுங்கள்.

இரண்டாம் படி: டைனமிக்கா, கண்டென்சரா

டைனமிக் மைக்குக்குள் ஒரு மெல்லிய தகடும், அதில் ஒட்டிய கம்பிச்சுருளும், ஒரு காந்தமும் இருக்கின்றன. குரல் பட்டுத் தகடு ஆட, காந்தப் புலத்தில் சுருள் ஆடி மின்சாரம் பிறக்கிறது. கோயில் மேடை, கல்யாண மண்டபம் எங்கும் நாம் பார்க்கும் உருண்டைத் தலை மைக் இந்த வகைதான். கண்டென்சரில் சுருள் கிடையாது. மிக மெல்லிய சவ்வும் அதன் பின்னால் ஓர் உலோகத் தட்டும் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி மாறுவதை மின்சாரமாக்குகிறது. சவ்வு இழுத்துச் செல்லச் சுருளின் பாரம் இல்லாததால் மூச்சு, உதடு பிரியும் ஓசை வரை பிடிக்கும். அது வேலை செய்ய வெளியிலிருந்து 48 வோல்ட் வேண்டும். இதைத்தான் ஃபேண்டம் பவர் என்கிறார்கள்.

"டைனமிக் மைக்குக்கு வெளிச்சத்தம் கேட்காது" என்று கடைகளில் சொல்வார்கள். அது முழு உண்மை இல்லை. அதற்கும் கேட்கும். ஆனால் டைனமிக் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பாடலாம். அதற்காகவே செய்யப்பட்டவை அவை. பக்கத்தில் பாடும்போது குரல் பெரிதாகிறது, அறை சிறிதாகிறது. தூரம் இரட்டிப்பானால் நேராக வரும் குரல் சுமார் 6 டெசிபல் (ஒலியளவின் அலகு) குறையும். நான்கு விரல் தூரத்தில் பாடுவதற்கும் ஒன்றரைச் சாண் தூரத்தில் பாடுவதற்கும் சுமார் 12 டெசிபல் வித்தியாசம். காற்றாடியும் குயிலும் எங்கே இருந்தனவோ அங்கேயேதான் இருக்கின்றன; நீங்கள் விலகி நின்ற அந்த 12 டெசிபலைக் கெய்னில், அதாவது மைக்கின் ஒலியைப் பெருக்கும் குமிழியில், ஈடுகட்டும்போது அவையும் கூடவே ஏறி வருகின்றன. கண்டென்சரையும் நெருங்கிப் பாடலாம் என்றாலும், அந்தத் தூரத்தில் காற்று முட்டும், அடித்தொனி வீங்கும், உமிழ்நீர் ஓசை கூடக் கேட்கும். அதனால் அதை ஒரு சாண் தள்ளி வைக்கிறோம். அந்த ஒரு சாணுக்குள் அறை புகுந்துவிடுகிறது.

ஆகவே என் கணக்கு இது. ஓயாத சத்தம் உள்ள அறை, கை தட்டினால் வால் நீளும் அறை, மாற்றியமைக்க முடியாத வாடகை அறை என்றால் டைனமிக் வாங்குங்கள். இரவு பதினொன்றுக்கு மேல் அமைதியாகும் வீடு, மெத்தை, துணி, புத்தகம் நிறைந்த அறை, மென்மையாகப் பாடும் குரல் அல்லது கதை வாசிப்பு என்றால் கண்டென்சர் வாங்குங்கள். நம் ஊர் அடுக்குமாடி வீடுகளில் முதல் மைக்காக டைனமிக்கைத்தான் நான் பெரும்பாலும் சொல்கிறேன். ரிப்பன் என்று மூன்றாவது வகையும் உண்டு. மிக நளினமானது, முதல் மைக்காக வேண்டாம்.

ஸ்டூடியோப் படங்களில் பார்க்கும் நோய்மன் யூ87 வேண்டும் என்று சிலர் ஆசைப்படுவார்கள். 1967 முதல் பெரும் பாடகர்கள் அதில் பாடியிருக்கிறார்கள், உண்மைதான். அந்தப் படத்தில் மைக்குக்குப் பின்னால் இருக்கும் சுவரையும் ஒரு தடவை பாருங்கள். அந்த அறைக்கு ஆன செலவு மைக்கின் விலையைப் போலப் பல மடங்கு.

சில பெயர்கள் சொல்கிறேன், தேட வசதியாக இருக்கும். டைனமிக்கில் ஷுர் எஸ்எம்58. 1966இல் வந்தது, இன்றும் அதே வடிவத்தில் விற்கிறது. மேடை மைக்தானே என்று ஒதுக்காதீர்கள். ராப்புக்கும் உரத்த பக்திப் பாட்டுக்கும் வீட்டில் அது அருமையாக உட்காரும். அதே நிறுவனத்தின் எஸ்எம்7பி இன்னும் இழைவான ஒலி தரும். விலையும் பல மடங்கு, அதற்கு வேறொரு தேவையும் உண்டு, கீழே சொல்கிறேன். கண்டென்சரில் ஆடியோ டெக்னிகா ஏடி2020, அதற்கு ஒரு படி மேலே ஏடி2035, அப்புறம் ரோட் என்டி1.

கண்டென்சர் விளம்பரங்களில் "சுய இரைச்சல்" என்று ஓர் எண் இருக்கும். மைக் தானாக எழுப்பும் "ஸ்ஸ்" அது. ஏடி2020க்கு 20 டெசிபல், ஏடி2035க்கு 12, ரோட் என்டி1 ஐந்தாம் தலைமுறைக்கு 4. எண் சிறிதாக இருந்தால் நல்லதுதான். ஆனால் அமைதியான படுக்கையறையே 30 டெசிபல் அளவில் இருக்கும். காற்றாடி ஓடும் அறையில் அந்த 4க்கும் 12க்கும் உள்ள வித்தியாசம் உங்கள் பதிவில் தெரியப் போவதில்லை. அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கும் முன் காற்றாடியை நிறுத்திப் பாட முடியுமா என்று பாருங்கள்.

மூன்றாம் படி: உங்கள் குரலும் நம் எழுத்துகளும்

மைக் பற்றிய ஆலோசனை எல்லாம் பெரும்பாலும் ஆங்கிலம் பேசும் வாய்க்காக எழுதப்பட்டவை. தமிழ் பாடும் வாய்க்கு இரண்டு விஷயம் மாறும்.

உள்ளங்கையை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு "பழம்" என்று சொல்லிப் பாருங்கள். கையில் காற்று பட்டும் படாமலும் இருக்கும். இப்போது ஆங்கிலத்தில் சொல்வது போல "பார்ட்டி" என்று அழுத்திச் சொல்லுங்கள். காற்று பொத்தென்று கையில் அடிக்கும். அந்தக் காற்று மைக்கில் மோதினால் வருவதுதான் "பொப்" என்ற வெடிப்பு. தமிழ்ப் பகரத்தில் அந்தக் காற்று குறைவு, மலாயிலும் அப்படித்தான். அதனால் சுத்தமான தமிழ்ப் பாட்டுக்கு இந்தத் தொல்லை குறைவாக இருக்கும். வரிக்கு வரி ஆங்கிலம் கலக்கும் நம் ராப் பிள்ளைகளுக்குத்தான் கூடுதலாக வரும். ஆவேசமாக "பாரு" என்று எறிந்தால் தமிழிலும் வரும். மொத்தத்தில் வாய்க்கும் மைக்குக்கும் நடுவே வைக்கும் பாப் ஃபில்டர் என்ற திரை எல்லாருக்கும் வேண்டும். விலை சொற்பம்.

இரண்டாவது, ஸகரமும் ஷகரமும். "ஷண்முகா", "ஸ்ரீ", "சரணம்" என்று பக்திப் பாட்டு முழுக்க இவை நிறைந்திருக்கின்றன; "சரணம்" என்பதையும் நம்மில் பலர் "ஸரணம்" என்றே பாடுகிறோம். ஸகர ஓசை 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே குவியும். விலை குறைந்த கண்டென்சர்கள் பலவற்றில் அதே பகுதியைத்தான் "தெளிவாக இருக்கட்டும்" என்று தூக்கி வைத்திருப்பார்கள். இரண்டும் சேர்ந்தால் ஒவ்வொரு "ஸ"வும் ஊசி மாதிரி காதில் குத்தும். உங்கள் குரல் இயல்பிலேயே கூர்மையானது என்றால் பளிச்சென்ற மைக்கைத் தேர்ந்தெடுக்காதீர்கள். கொஞ்சம் மங்கலாக ஒலிக்கும் மைக்கே உங்களுக்கு அழகு சேர்க்கும். கனத்த, அடங்கிய குரல் என்றால் மாற்றிப் போடுங்கள்.

மைக்கைச் சோதிக்க நான் வைத்திருக்கும் வரி இது. "பச்சைப் பாம்பு பஸ் ஏறிப் பாயான் லெப்பாஸ் போச்சு, ஷண்முகம் ஸ்டேஷனில் சோளம் சுட்டுச் சாப்பிட்டான், மழையில் வாழைப்பழம் அழுகிப் போச்சு." முதல் துண்டு வெடிப்பைக் காட்டும், இரண்டாவது ஊசியைக் காட்டும். மூன்றாவதில் வரும் ழகரமும், இரண்டாவதில் "சோளம்" என்பதில் வரும் ளகரமும் தனித்தனியாகத் தெரிகின்றனவா என்று கேளுங்கள். "மழை"யும் "மளை"யும் ஒன்றாகக் கேட்டால், ஒன்று நாக்கைப் பழக்க வேண்டும், அல்லது அறை எதிரொலித்து எழுத்தை அழிக்கிறது.

நான்காம் படி: மைக்கை எதில் செருகப் போகிறீர்கள்

இதை யோசிக்காமல் மைக்கை மட்டும் வாங்கி வந்து மேசையில் வைத்துக்கொண்டு விழிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மைக்கில் இரண்டு வகை வாய் உண்டு. யூஎஸ்பி வாய் உள்ளதை நேராகக் கணினியில் செருகலாம். உள்ளேயே எல்லாம் இருக்கிறது. மூன்று ஊசி கொண்ட எக்ஸ்எல்ஆர் வாய் உள்ளதற்கு நடுவில் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற பெட்டி வேண்டும். அந்தப் பெட்டிதான் மைக்கின் மெல்லிய மின்சாரத்தைப் பெருக்கி, எண்களாக மாற்றிக் கணினிக்குக் கொடுக்கும்.

தனியாகப் பேசுவதற்கும் கதை சொல்வதற்கும் யூஎஸ்பி போதும். பாட்டு என்றால் இன்றோ நாளையோ இன்னொரு குரல், ஒரு தபேலா, ஒரு கிட்டார் என்று சேர்க்கத் தோன்றும். ஒரே கணினியில் இரண்டு யூஎஸ்பி மைக்கைச் சேர்த்துப் பதிவது தலைவலி. தயக்கம் இருந்தால் இரண்டு வாயும் உள்ள மைக்கை வாங்குங்கள். சாம்சன் கியூ2யூ, ஷுர் எம்வி7 போன்றவை அப்படிப்பட்டவை, இரண்டும் டைனமிக். இன்றைக்கு யூஎஸ்பியில் தொடங்கலாம், பணம் சேர்ந்ததும் இன்டர்ஃபேஸ் வாங்கி அதே மைக்கைத் தொடரலாம். புதிதாகத் தொடங்குகிற மாணவர்களுக்கு நான் மனதாரச் சொல்வது இந்த வழியைத்தான்.

எஸ்எம்7பிக்கு வேறொரு தேவை என்றேனே, அது கெய்ன். ஒரே அளவு சத்தத்துக்கு ஏடி2020 ஏறத்தாழ 14 மில்லிவோல்ட் கொடுக்கும், எஸ்எம்58 1.85 மில்லிவோல்ட், எஸ்எம்7பி 1.12 தான். அதனால் அதற்குக் குறைந்தது 60 டெசிபல் கெய்ன் வேண்டும் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். பலர் வாங்கும் ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ, மூன்றாம் தலைமுறையில் 56 டெசிபல்தான் தரும். குமிழியை முழுசாகத் திருகியும் குரல் எழும்பாது, இரைச்சல்தான் எழும்பும். நான்காம் தலைமுறை ஸ்கார்லெட் 2ஐ2 என்றால் 69 டெசிபல் தருகிறது; அதில் பிரச்சினை இல்லை. பழைய பெட்டிதான் இருக்கிறது என்றால் கிளவுட்லிஃப்டர் மாதிரி நடுவில் ஒரு சின்னப் பெருக்கி போட வேண்டும். அது இன்னொரு செலவு. ஆகவே எந்த டைனமிக்கை வாங்கினாலும், பெட்டியின் அதிகபட்சக் கெய்ன் எவ்வளவு என்று முதலில் பாருங்கள்.

பணத்தைப் பிரிக்கும் முறைக்கு என் பழக்கம்: கையில் இருப்பதில் பாதிக்கு மேல் மைக்குக்குக் கொடுக்க மாட்டேன். 1,500 வெள்ளி இருந்தால் மைக், இன்டர்ஃபேஸ், நல்ல கேபிள், ஆடாத ஸ்டாண்ட், பாப் ஃபில்டர், காதை முழுசாக மூடும் ஹெட்போன் எல்லாம் அதற்குள் வர வேண்டும். ஹெட்போன் மூடியதாக இல்லாவிட்டால் இசை கசிந்து மைக்குக்குள் போகும். ஆடும் ஸ்டாண்ட் இரண்டாவது பாட்டிலேயே தலையைத் தொங்கப் போட்டுவிடும்.

ஆன்லைனில் மைக், கவ்விக் கை, வடிகட்டி எல்லாம் சேர்த்து மிகக் குறைந்த விலைக்குப் பெட்டியாக விற்பார்கள். கேபிளின் மறுமுனையில் பழைய ஹெட்போன் ஊசி போல 3.5 மில்லிமீட்டர் ஊசி இருந்தால் விட்டுவிடுங்கள். அந்தப் பணத்தைச் சேர்த்து வைத்தால் இன்னும் இரண்டு மாதத்தில் உருப்படியானதை வாங்கலாம்.

ஐந்தாம் படி: கடையில்

யூஎஸ்பி மைக் பார்க்கப் புக்கிட் பிந்தாங்கில் லோ யாட் பிளாசா மாதிரி கணினி அங்காடிகள் சரி. பாட்டு மைக் என்றால் இசைக்கருவிக் கடைக்குப் போங்கள். பாடிப் பார்க்க விடுவார்கள். வெட்கப்படாதீர்கள். உங்கள் ஹெட்போனைக் கொண்டு போங்கள், அதன் ஒலிதான் உங்கள் காதுக்குப் பழக்கம்.

இரண்டு மைக்கை ஒப்பிடும்போது ஒரு பொறி உண்டு. எது கொஞ்சம் உரக்கக் கேட்கிறதோ அதுவே நல்லது என்று காது ஏமாறும். கண்டென்சர் இயல்பிலேயே உரக்க வரும், அதனால் முதல் நொடியில் அதுதான் வெல்லும். கடைக்காரரிடம் சொல்லி இரண்டின் அளவையும் ஒன்றாக்கிவிட்டுக் கேளுங்கள். முடிந்தால் இரண்டிலும் அந்தப் பச்சைப் பாம்பு வரியைப் பதிந்து, கோப்புக்கு ஒன்று, இரண்டு என்று மட்டும் பெயர் வைத்து, வீட்டுக்கு வந்து விலை மறந்த பிறகு கேளுங்கள். என் சித்தப்பா மகள் இப்படிக் கேட்டுத்தான் மூன்று மடங்கு விலையுள்ளதை விட்டுவிட்டு எஸ்எம்58 எடுத்தாள். அவள் குரல் உச்சத்தில் கீச்சிடும். விலை கூடிய மைக் அதை இன்னும் தூக்கிக் காட்டியது.

இதைவிட நல்ல வழி, தெரிந்தவரிடம் இரண்டு நாள் இரவல் வாங்கி உங்கள் அறையிலேயே பாடிப் பார்ப்பது. கோயில் பஜனைக் குழுவில், மேளக் குழுவில் யாரிடமாவது ஓர் எஸ்எம்58 இருக்கும்.

எஸ்எம்58க்குப் போலிகள் ஏராளம், பெட்டி வரைக்கும் அச்சு அசலாக இருக்கும். உண்மையானது 298 கிராம். கையில் கனம் தெரியும். அடியில் மூன்று ஊசிக்கும் பக்கத்தில் 1, 2, 3 என்று எண் பொறித்திருக்கும். கடைவிலையில் பாதிக்கு ஒருவர் புதியது தருகிறார் என்றால் ஆசைப்படாதீர்கள். உள்ளூர் முகவரின் உத்தரவாத அட்டை இருக்கிறதா என்று கேட்டு, ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

ஆறாம் படி: வீட்டுக்கு வந்த பிறகு

மைக்கை எங்கே வைப்பது? பலர் மைக்குக்குப் பின்னால் பஞ்சுப் பலகை ஒட்டுகிறார்கள். வீட்டு மைக்குகள் பெரும்பாலும் கார்டியாய்ட் வகை. முன்னால் வருவதை நன்றாகவும், நேர் பின்னால் வருவதை மிகக் குறைவாகவும் கேட்கும். அப்படியானால் மைக் பார்த்துக்கொண்டிருப்பது எதை? உங்களையும், உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவரையும். ஆகவே துணி தொங்க வேண்டியது உங்களுக்குப் பின்னால். விருந்தாளி வந்தால் விரிக்கும் தோத்தோ மெத்தை எல்லா வீட்டிலும் இருக்குமே, அதை இரண்டு கொக்கியில் தொங்கவிட்டு அதற்கு முதுகு காட்டிப் பாடுங்கள். அல்லது சேலை அடுக்கிய அலமாரியைத் திறந்து வைத்து அதற்கு முன்னால் நில்லுங்கள். அம்மாவின் பருத்திச் சேலை அடுக்கு எதிரொலியைக் குடிப்பது போல மெல்லிய பஞ்சுப் பலகை குடிக்காது. பாய் விரிப்பதால் பெரிய பயன் இல்லை, மெல்லிசு. தடித்த கம்பளம் என்றால் சரி. இவை எல்லாம் உள்ளே எழும் எதிரொலிக்குத்தான். வெளியிலிருந்து வரும் மோட்டார் சத்தத்தை எந்தப் பஞ்சும் நிறுத்தாது.

அப்புறம், மைக்கின் முதுகைச் சத்தம் வரும் பக்கம் திருப்புங்கள். சன்னல் பக்கம் சாலை என்றால், சன்னலைப் பார்த்தபடி நின்று பாட வேண்டும். சூப்பர்கார்டியாய்ட் என்று எழுதியிருந்தால் மட்டும் கொஞ்சம் மாறும். அது நேர் பின்னாலும் ஓரளவு கேட்கும். பின்பக்கம் இரண்டு ஓரங்களில்தான் செவிடு.

பெரிய கண்டென்சருக்கு உச்சியில் பாடக் கூடாது. ஏடி2020, என்டி1 எல்லாம் பக்கவாட்டில் கேட்பவை. ரோடில் ஒரு தங்கப் புள்ளி இருக்கும், அதுதான் முகம். ஐஸ்கிரீம் போலப் பிடித்துக்கொண்டு உச்சியில் பாடிவிட்டு மைக் சரியில்லை என்று திருப்பிக் கொடுக்கப் போனவர்களும் உண்டு.

தூரத்துக்கு நம் கையே அளவுகோல். டைனமிக் என்றால் உதட்டுக்கும் மைக்குக்கும் நடுவே நான்கு விரல். கண்டென்சர் என்றால் ஒரு சாண், பெருவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து அளந்துகொள்ளுங்கள். நெருங்க நெருங்க அடித்தொனி பெருகும். மெல்லிய குரலுக்கு அது கனம் சேர்க்கும், கனத்த குரலைக் குழப்பிவிடும். "ஸ" குத்தினால் மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் கொஞ்சம் ஓரமாகத் திருப்பி, கன்னத்தைப் பார்க்கும்படி வையுங்கள்.

கெய்னை இப்படிப் பிடியுங்கள். பாட்டிலேயே உரத்த வரியை முழு வேகத்தில் பாடுங்கள். மென்பொருளில் காட்டும் அளவு அந்த இடத்தில் மைனஸ் 12க்கும் மைனஸ் 6க்கும் நடுவே நிற்க வேண்டும். சோதிக்கும்போது அடக்கிப் பாடிவிட்டு, பதியும்போது "வேல் வேல்" என்று முழங்கினால் ஒலி கிழிந்துவிடும். கிழிந்ததை ஒட்ட முடியாது. மென்பொருளில் பதிவின் நுட்பத்தை 24 பிட் என்று வைத்தால் கெய்னைக் குறைவாக வைத்தும் பயமில்லை. மைக்கிலோ இன்டர்ஃபேஸிலோ 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அடித்தொனியை வெட்டும் வடிகட்டி இருந்தால் போட்டுவிடுங்கள். பலகைத் தரையின் தும் தும்மும் ஏர்கோன் உறுமலும் பெரும்பாலும் அதற்குக் கீழே கிடக்கின்றன, குரலுக்குச் சேதமில்லை. "ம்ம்ம்" என்று ஒரே சுருதியில் முனகல் கேட்டால் மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். பாதி நேரம் அதுதான் காரணம்.

கண்டென்சருக்கு 48 வோல்ட் போடும் முன் கேபிளைச் செருகுங்கள், பிடுங்கும் முன் அணையுங்கள். எஸ்எம்58க்கு அது தேவையில்லை. தவறிப் போட்டாலும் நல்ல கேபிளாக இருந்தால் கெட்டுவிடாது.

ஈரமும் இடியும்

நம் ஊர்க் காற்றில் ஈரம் எப்போதும் உண்டு. டைனமிக் அதைப் பொருட்படுத்தாது. கண்டென்சருக்கு அது பகை. சவ்விலும் உள்சுற்றிலும் ஈரம் படிந்தால் மின்னேற்றம் கசிந்து, எண்ணெயில் கடுகு வெடிப்பது போலப் பட் பட்டென்று ஓசை வரும். ஏர்கோன் அறையிலிருந்து வெளியே வந்ததும் மூக்குக்கண்ணாடி பனி மூடுகிறதல்லவா, மைக்குக்கும் அதேதான் நடக்கும். அதனால் குளிர்ந்த அறையிலிருந்து எடுத்தால் பெட்டியை உடனே திறக்காமல் கொஞ்ச நேரம் விடுங்கள். பட் பட் வந்தால் பயந்து கழற்ற வேண்டாம். உலர்ந்த பெட்டியில் இரண்டு நாள் வைத்தால் பல நேரம் தானாகச் சரியாகிவிடும்.

கேமராக்காரர்கள் வைத்திருக்கும் உலர்பெட்டி இருந்தால் 40 முதல் 50 விழுக்காடு ஈரத்தில் வையுங்கள். இல்லாவிட்டால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைத்தாலும் போதும். மணிகள் நிறம் மாறியதும் உறையில் எழுதியுள்ளபடி காயவைத்துத் திரும்பப் போடுங்கள். பாப் ஃபில்டரை மாதம் ஒரு தடவை அலசிக் காயவையுங்கள். எஸ்எம்58இன் கம்பித் தலையைத் திருகிக் கழற்றலாம். உள்ளே இருக்கும் பஞ்சில் எத்தனை பாட்டின் எச்சில் சேர்ந்திருக்கிறது என்று பார்த்தால் நீங்களே சோப்பைத் தேடுவீர்கள். கழுவி, முழுசாகக் காய்ந்த பிறகுதான் மாட்ட வேண்டும்.

கோலாலம்பூரில் சாயங்காலம் இடி மின்னல் வழக்கம். தகரக் கூரையில் மழை விழ ஆரம்பித்தால் எப்படியும் பதிவு நடக்காது. சுவிட்சை அணைத்து, இன்டர்ஃபேஸின் பிளக்கையும் கணினியின் பிளக்கையும் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். மழை விட்டு, கூரைச் சொட்டு நின்ற பிறகு வரும் அரை மணி நேரத்தைக் கவனித்து வையுங்கள். சாலையில் வண்டி குறைந்திருக்கும், குயில் அடங்கியிருக்கும், காற்றாடி இல்லாமலே அறை குளிர்ந்திருக்கும். நான் பதிந்த பாட்டுகளில் பாதி அந்த நேரத்தில் பதிந்தவை.